சனிக்கிழமை மட்டும் பேசாத பிரிண்டர்

குத்தாலம் கடைத்தெருவில் ‘மஸ்கட் கம்ப்யூட்டர்ஸ்’ என்று ஒரு கடை இருக்கிறது. மஸ்கட்டுக்கும் அந்தக் கடைக்கும் உள்ள ஒரே தொடர்பு அதன் முதலாளி பெரியநாயகசாமி. பதினெட்டு வருடம் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் அலுவலகத்தில் இருந்தவர். பதினான்கு பிரிண்டர்களுக்குத் தாள் அடுக்கி, மை மாற்றி, சிக்கிக்கொண்ட காகிதத்தை உருவி எடுத்த கை அவருடையது. ஊர் திரும்பிய பிறகு அந்தப் பதினான்கு, கேட்கிற ஆளைப் பொறுத்து இருபதாகவும் முப்பதாகவும் பெருகிவிட்டது.

அவர் எனக்குச் சித்தப்பா. ஐம்பத்து மூன்று வயது. முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. மெஷின்களோடு பேசுவார். பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வரும்போது “யல்லா, யல்லா” என்று அரபியில் உற்சாகப்படுத்துவார். தாள் சிக்கினால் மட்டும் தமிழில் திட்டுவார். எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவைக்கு அவர்தான் உபதலைவர். போன வருடம் மாதா திருவிழாக் கூட்டத்தில் மூடநம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல நேரம், ராகு காலம், சூலம், பூனை குறுக்கே போவது என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பேச்சை சி.டி.யில் ஏற்றி வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று இருக்கிறது.

நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, 2011-இல் நான் ஊருக்கு வந்தபோது அந்தக் கடையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். முன்னால் இருந்தது விண்டோஸ். பின்னால், கடையில் டைப் அடிக்கும் மலர்கொடி உட்காரும் இடத்தில் இருந்தது லினக்ஸ். சித்தியின் அண்ணன் மகன் எல்வின், “இது இலவசம் மாமா, வைரஸே வராது” என்று அதை ஏற்றிக் கொடுத்துவிட்டு மறு வாரமே துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். சந்தேகம் கேட்க ஆளில்லை. மூன்றாவதாக நான் முதுகில் சுமந்து வந்த மேக் மடிக்கணினியும் கடை வேலையில் சேர்ந்துகொண்டது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே லேசர் பிரிண்டர். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ரவுட்டர் டப்பாவிலிருந்து அதற்கு ஒரு நீல ஒயர் போகும்.

திங்கள் முதல் வெள்ளி வரை மூன்றும் ஒரு தாய் பிள்ளைகளைப் போல அந்தப் பிரிண்டரில் அச்செடுக்கும். சனிக்கிழமை வந்தால் விண்டோஸ் மட்டும் அச்செடுக்கும். லினக்ஸிலிருந்தும் மேக்கிலிருந்தும் அனுப்பினால் ‘பிரிண்டர் பதில் சொல்லவில்லை’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

“அதுக்கும் சனிக்கிழமை லீவு போல” என்பாள் மலர்கொடி. வானகிரிக் கடற்கரையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். அவள் வீட்டு ஆட்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் ஒருத்திதான் கீபோர்டுக்கு வந்தவள்.

“லீவெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடணும். இது மஸ்கட் மெஷின்” என்பார் சித்தப்பா.

“திருச்சியில வாங்கினது சார்.”

“வாங்கினது திருச்சி. வளர்ப்பு மஸ்கட்.”

சிரிப்பாகப் போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் சனிக்கிழமையில்தான் சித்தப்பாவின் தலையெழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து பழைய மேனேஜர் போன் செய்திருந்தார். வேலை தயார், விசா தயார், சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். சித்தப்பாவுக்குப் போக விருப்பமே இல்லை. பதினெட்டு வருடம் தகர டப்பாவில் சோறு தின்றது போதும், இனி அமலி கையால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அமலி என்பது என் சித்தி அமலோற்பவம். ஆனால் கடை காலில் நிற்க நிலையான வேலை ஒன்று வேண்டும். அந்த வேலை சபரிநாதன் கையில் இருந்தது.

சபரிநாதன், சிங்கப்பூருக்கும் கத்தாருக்கும் ஆள் அனுப்புகிற ஏஜென்ட். சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தை வேனில் ஏற்றிச் சென்னைக்கு நேர்காணலுக்குக் கொண்டுபோவார். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை இரவுதான் மெயிலில் வரும். ஆகவே எல்லா விண்ணப்பமும் சனிக்கிழமை காலையில்தான் அச்சாக வேண்டும். இரண்டு வாரம் எங்களிடம் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வாரமும் ஒரே கம்ப்யூட்டரை வைத்துத் திணறி, மத்தியானம் இரண்டு மணிக்கு முடித்தோம். லினக்ஸில் அடித்த தமிழை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றையும் மறுபடி அடிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் சபரிநாதன் திங்கட்கிழமையே வந்து நின்றார்.

“அண்ணே, வர்ற சனிக்கிழமை நாப்பது பேரு. பதினோரு மணிக்கு வேன் கிளம்பணும். பத்து மணிக்குப் பேப்பர் எல்லாம் கையெழுத்துக்கு ரெடியா இருந்தா, இனிமே வருசம் பூரா உங்க கடைதான். இல்லேன்னா மயிலாடுதுறையில கொடுத்துடுவேன். வருத்தப்படக் கூடாது.”

“பத்தரைன்னு வச்சுக்கலாமா?” என்றார் சித்தப்பா.

“பத்து.”

“பத்து முப்பது?”

“அண்ணே, அதுவும் பத்தரையும் ஒண்ணுதான்.”

அவர் போனதும் சித்தி எங்கள் மூவரையும் பார்த்தாள். “நாலு நாள் இருக்கு. இந்த மெஷின் சரியாகலேன்னா இவரு மஸ்கட். நான் மறுபடியும் போன்லதான் குடும்பம் நடத்தணும். என்ன பண்ணுவீங்களோ தெரியாது.”

நாங்கள் எல்லாமும் பண்ணினோம். பிரிண்டருக்கான மென்பொருளை லினக்ஸிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினோம். மேக்கில் கழற்றி மாட்டினோம். நீல ஒயரைத் தூக்கிப்போட்டு மஞ்சள் ஒயர் வாங்கினோம். விண்டோஸில் பகிர்வுக்கான பெட்டிகளில் எங்கெல்லாம் டிக் அடிக்கலாமோ அங்கெல்லாம் டிக் அடித்தோம், பிறகு ஒவ்வொன்றாக எடுத்தோம். மயிலாடுதுறையிலிருந்து சர்வீஸ்காரர் செல்லதுரை வந்தார். புதன்கிழமை. மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் தாள் தாளாக அச்செடுத்துப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“சனிக்கிழமை வந்து பாருங்க தம்பி” என்றார் சித்தப்பா.

“சனிக்கிழமைக்கு நான் கோயிலுக்குத்தான் போகச் சொல்ல முடியும். எள்ளு விளக்கு போடுங்க, சரியாயிடும்.”

“நாங்க கிறிஸ்தவங்க தம்பி. அதையெல்லாம் நம்பறதில்ல” என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார். கையோடு ஒரு சி.டி.யையும் கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் விஷயம் உடைந்தது. மலர்கொடியிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் கடையில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் பக்கத்து உரக்கடைக்காரர் கொடுத்தது. தினமும் காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்ததும் அவள் தூக்கிப் போட மாட்டாள். கம்பியில் குத்தி வைத்து, அதன் பின்புறத்தில் அந்தத் தேதியின் கடைச் சமாசாரத்தை எழுதி வைப்பாள். மை தீர்ந்தது, யார் போட்டோவை மறந்துவிட்டுப் போனார்கள், எந்த நாளில் எந்த மெஷின் மக்கர் செய்தது, எல்லாம் அதில் இருக்கும். அன்று கம்பியிலிருந்து ‘பிரிண்ட் வரல’ என்று எழுதிய தாள்களை மட்டும் உருவி மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஒன்பது தாள்.

“எட்டு சனிக்கிழமை இருக்கு. ஆனா ஒண்ணு வியாழக்கிழமை” என்றாள்.

“வியாழனா? தப்பா எழுதியிருப்ப” என்றேன்.

“இல்லக்கா. சர்ச்சுல மணியடிக்கிற கோயில் பிள்ளையோட அம்மா அடக்கம் அன்னைக்கு. கடை திறந்ததே மத்தியானம் ஒண்ணரைக்குத்தான்.” அவள் ஒன்பது தாளையும் திருப்பிப் போட்டாள். காலண்டர் தாளின் முன்புறத்தில் தேதிக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமைத் தாள் எட்டிலும் ‘ராகு 9 – 10.30’. வியாழக்கிழமைத் தாளில் ‘ராகு 1.30 – 3’.

மலர்கொடி தாளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

“சார், சனிக்கிழமையானா மெஷினை ஒண்ணரை மணி நேரம் துடைக்கிறீங்களே.”

“அது மெயின்டனன்ஸ். மஸ்கட்ல வாரா வாரம் செய்வோம்.”

“ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் துடைக்கிறீங்க.”

“தூசி அதிகம்.”

“அடக்கம் அன்னைக்கு ஒண்ணரைலேர்ந்து மூணு வரைக்கும் துடைச்சீங்க சார். நான் இருந்தேன்.”

டிபன் கேரியரோடு உள்ளே வந்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். சித்தப்பா கையில் இருந்த துடைக்கும் துணியை நாலாக மடித்து, எட்டாக மடித்து, சட்டைப் பைக்குள் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

“ஏங்க, நீங்க ராகு காலம் பாக்கறீங்களா?” என்றாள் சித்தி.

“சேச்சே. பங்குப் பேரவை உபதலைவர் நான்.”

“ஏங்க.”

“பாக்கறதில்ல. அந்த நேரத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கிறதில்ல, அவ்வளவுதான். எண்பத்தஞ்சுல முதல் தடவை பம்பாய்க்குக் கிளம்பினேன். திங்கக்கிழமை காலைல எட்டு மணி. ராகு காலமாவது ஒண்ணாவதுன்னு வீராப்பா பஸ் ஏறினேன். திருச்சி போறதுக்குள்ள மூணு பஞ்சர். ரயிலும் போச்சு, வேலையும் போச்சு. அதுலேர்ந்து...”

சித்தி டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தாள். அவள் முகத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நம்ம கல்யாணம் சனிக்கிழமை. ஒம்பது மணித் திருப்பலி. நீங்க கோயிலுக்கு வந்தது பத்தே முக்கால். பேண்டு செட்டுக்காரன் வரலை, அதான் லேட்டுன்னு சொன்னீங்க.”

சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

“இருபத்திமூணு வருசமா அந்தப் பேண்டு செட்டுக்காரனைத் திட்டிக்கிட்டிருக்கேன். போன மாசம்கூட சந்தையில பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.”

மலர்கொடி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் சித்தியே சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் சார், எங்க ஊர்ல ராகு காலம் பார்த்தா மீன் என்ன காத்துக்கிட்டா இருக்கும்? எங்க அப்பா பாக்கறதே இல்ல. நீங்க சி.டி. போட்டுக் கொடுத்துட்டு நீங்களே பாக்கறீங்க” என்றாள் மலர்கொடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதெல்லாம் இருக்கட்டும். நான் எப்போ ஸ்விட்ச் போட்டா இந்த லினக்ஸுக்கு என்ன? அதுவும் ராகு காலம் பாக்குதா?” என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பதிலை நான் சுவரில் மாட்டியிருந்த ரவுட்டர் டப்பாவில் கண்டுபிடித்தேன். அது ரேஷன் கடை மாதிரி. காலையில் யார் முதலில் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு ஒன்றாம் நம்பர் டோக்கன், அடுத்து வருகிறவருக்கு இரண்டு. இரவில் சித்தப்பா தீவிபத்துக்குப் பயந்து மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போவார். அதனால் தினமும் காலையில் டோக்கன் புதிதாகத் தொடங்கும். மற்ற நாட்களில் அவர் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சிலுவை போட்டுவிட்டுப் பிரிண்டரைப் போடுவார். அதற்கு ஒன்றாம் நம்பர். லினக்ஸும் என் மேக்கும் ‘ஒன்றாம் நம்பர்தான் பிரிண்டர்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தன. சனிக்கிழமை அவர் துடைத்துக்கொண்டிருக்க, மலர்கொடி தன் லினக்ஸை முதலில் போட்டுவிடுவாள். ஒன்றாம் நம்பர் அதற்குப் போய்விடும். பத்தரைக்குக் கண் விழிக்கிற பிரிண்டருக்குக் கிடைப்பது நாலாம் நம்பர். விண்டோஸ் மட்டும் நம்பரை நம்பாமல், பெயர் சொல்லித் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தது.

“அப்ப இத்தனை சனிக்கிழமையா என் கம்ப்யூட்டர் யாருக்கு அனுப்பிச்சுது?” என்றாள் மலர்கொடி.

“அதுக்கே அனுப்பிக்கிட்டிருந்தது” என்றேன்.

“தனக்குத்தானே லெட்டர் போட்டுக்கிட்டு, பதில் வரலைன்னு எங்கிட்ட புகார் வேறயா.”

பிரிண்டருக்கு நிரந்தரமாக ஒரு நம்பரை எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. இனி அது எப்போது எழுந்தாலும் அதன் நம்பர் அதற்குத்தான். மூன்று கம்ப்யூட்டரிலும் அந்த நம்பரைப் பதிந்தோம். அணைத்துப் போட்டோம், வரிசையை மாற்றிப் போட்டோம், எப்படிப் போட்டாலும் அச்சு வந்தது. சித்தப்பா “யல்லா, யல்லா” என்று கை தட்டினார். சித்தி தட்டவில்லை.

“பத்து மணிக்குப் பேப்பர் வேணும். பத்தரைக்கு மெஷினைப் போட்டா எந்த நம்பர் இருந்து என்ன?”

கை தட்டல் நின்றது. “எட்டே முக்காலுக்கு வந்து போட்டுட்டா?” என்றார் சித்தப்பா.

“எட்டுலேர்ந்து ஒம்பது தினமும் கரண்ட் கட்” என்றாள் சித்தி.

“ஏழரைக்கே போட்டுட்டா?”

“எட்டு மணிக்கு அது அணைஞ்சுதானே போகும்? பிரிண்டரை இன்வெர்ட்டர் தாங்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒம்பது மணிக்குத் திரும்பப் போடணும்.”

“மலரு போட்டா என் கணக்குல வராதே.”

“கடை யார் பேர்ல இருக்கு சார்?” என்றாள் மலர்கொடி. சித்தப்பாவுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போனது.

மறுநாள் எட்டரைக்கே நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன்கள் பாதி, எங்கள் பக்கம் பாதி. எதிர் டீக்கடையில் இடம் போதாமல் பாதிப் பேர் சாலையில் நின்றார்கள். சித்தி மஸ்கட் மேனேஜரின் நம்பரை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்து, அதன்மேல் கல் வைத்தது போலப் பஞ்சிங் மெஷினை வைத்திருந்தாள்.

ஒன்பது அடித்தது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. மலர்கொடி கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் மேக்கைத் திறந்தேன். சித்தப்பா பிரிண்டருக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். துணியை மறுபடி பைக்குள் வைத்தார். சிலுவை போட்டார். அது போதாதென்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு தடவை போட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினார்.

பிரிண்டர் உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது. லினக்ஸிலிருந்து முதல் தாள் வந்தது, சூடாக, ஒரு எழுத்தும் கட்டமாகாமல். அடுத்தது மேக்கிலிருந்து. அதற்கடுத்தது விண்டோஸிலிருந்து. சித்தப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

“பஞ்சர் ஏதாவது ஆச்சா?”

“இல்ல சார்.”

இரண்டாவது கண்ணும் திறந்தது. பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தாள் அடுக்கினார், பின் அடித்தார், “யல்லா” என்றார், “போடு ராசா” என்றார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மஸ்கட் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். ஒன்பது ஐம்பதுக்கு நாற்பதும் முடிந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“வாங்க தம்பிங்களா, எல்லாம் ரெடி. வந்து கையெழுத்துப் போடுங்க.”

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற கோவிந்தராசு என்கிற பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பத்தரைக்கு மேல போடறோம்ங்க. வெளிநாட்டு விசயம் பாருங்க.”

சித்தப்பாவின் கையிலிருந்து கட்டு நழுவப் பார்த்தது. சரியாகப் பத்து மணிக்குச் சபரிநாதன் வந்து இறங்கினார்.

“என்னண்ணே, ஆச்சா?”

“எல்லாம் ஒம்பது ஐம்பதுக்கே ஆச்சு. இவங்கதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க.”

“ராகு காலத்துல எவன் போடுவான்? பத்துன்னு சொன்னாத்தான் நீங்க பத்தரைக்காவது முடிப்பீங்கன்னு சொன்னேன்.” சபரிநாதன் கட்டை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். “சுத்தமா இருக்கு. சரிண்ணே, இனிமே சனிக்கிழமை வேலை உங்களுக்குத்தான். ஒரு டீ சொல்லுங்க, நானும் பத்தரைக்கு மேலதான் பேனாவைத் தொடுவேன்.”

சித்தி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பஞ்சிங் மெஷினை நகர்த்தித் தாளை எடுத்து நீட்டினாள். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். போனை எடுத்தார்.

“இன்னும் கால் மணி நேரம் இருக்கு, பார்த்துக்கோங்க” என்றாள் சித்தி.

“வரமாட்டேன்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது” என்று சித்தப்பா எண்களை அழுத்தினார்.

அரபியும் ஆங்கிலமுமாக ஐந்து நிமிடம் பேசினார். பேச்சின் நடுவில் ‘பிரிண்டர்’ என்பதும் ‘சாட்டர்டே’ என்பதும் மட்டும் எனக்குப் புரிந்தது. மேனேஜர் அந்தப் பக்கம் சிரிப்பது வெளியே வரைக்கும் கேட்டது. வைத்துவிட்டுத் திரும்பியபோது சித்தி டிபன் கேரியரைத் திறந்து இட்லியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை ஆனதும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கடைக்குள் பாய்ந்தார்கள். ஒருவனிடமும் பேனா இல்லை. சித்தப்பாவின் பையிலிருந்த இரண்டு பேனாவும் கை மாறிக் கை மாறிப் போனது. ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று இப்போது கத்தாரில் இருக்கிறது.